128-ம் 128-ம் சமமில்லையா? விடை தேடினால் வருகிறவர் கிறிஸ்டன் நைகார்ட்

ஜாவா படிக்கிற பிள்ளைகளை மடக்குவதற்கென்றே ஒரு கேள்வி உண்டு. வேலைக்கான நேர்காணலிலும் கேட்பார்கள். இன்டிஜர் வகையில் இரண்டு மாறிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 127 என்று போடுங்கள். நடுவில் இரட்டைச் சமக்குறி போட்டு, இரண்டும் ஒன்றா என்று கேளுங்கள். ஆமாம் என்று பதில் வரும். இப்போது 127-க்குப் பதிலாக இரண்டிலும் 128 போட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். இல்லை என்று பதில் வரும்!

முதல் தடவை பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றத்தான் செய்யும். ஒன்று கூட்டினதும் கணக்கே மாறிவிட்டதா? கம்ப்யூட்டர் கணக்கில் தப்பு செய்யவில்லை. நாம் கேட்டதாக நினைத்த கேள்வி வேறு, அது புரிந்துகொண்ட கேள்வி வேறு.

இந்தக் குழப்பத்தின் வேரைத் தேடிப் போனால் 1960-களின் ஆஸ்லோ நகரத்தில் போய் நிற்போம். அங்கே இருந்த ஒரு மனிதர் கணினி மொழி மட்டும் செய்யவில்லை. தொழிற்சங்கம், அரசியல், பொது வாக்கெடுப்பு என்று ஒரு நாட்டின் போக்கிலேயே கை வைத்தவர். பெயர் கிறிஸ்டன் நைகார்ட்.

அவரிடம் போவதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம்.

மொய்ப் பணமும் மொய்க் கவரும்

கல்யாண வீட்டு மொய்யை நினைத்துக்கொள்ளுங்க. 101 ரூபாய் என்பது ஒரு தொகை. உங்கள் கையில் இருக்கிற 101-க்கும் என் கையில் இருக்கிற 101-க்கும் வித்தியாசம் கிடையாது. தொகைக்கு முகவரியும் இல்லை, அடையாளமும் இல்லை. அதையே ஒரு கவரில் போட்டு ஒட்டிவிட்டால் கதை மாறுகிறது. கவர் ஒரு பொருள். அது மேஜையில் இருக்கும், பையில் இருக்கும், தொலைந்தும் போகும். இரண்டு கவர்களிலும் 101 ரூபாய்தான் என்றாலும் அவை இரண்டு கவர்கள்தான், ஒன்றல்ல.

நிரல்மொழிகளிலும் இதே இரண்டு சாதிச் சரக்கு உண்டு. வெறும் எண், வெறும் எழுத்து, ஆம்-இல்லை ஆகியவை தொகை மாதிரி. இவற்றை அடிப்படை மதிப்புகள் என்கிறோம். ஆப்ஜெக்ட் என்பது கவர் மாதிரி. நினைவகத்தில் அதற்கென்று ஓர் இடம் இருக்கும். மாறியில் இருப்பது அந்த இடத்தின் முகவரி மட்டும்தான். வெறும் எண்ணை எடுத்து ஆப்ஜெக்ட் என்கிற கவருக்குள் போடுவதற்குப் பெயர் பாக்ஸிங். கவரைப் பிரித்து எண்ணை வெளியே எடுப்பது அன்பாக்ஸிங். அவ்வளவுதான்.

எதற்கு இந்த வேலை? மொய்ப் பெட்டிக்குள் கவர் மட்டும்தான் போடலாம், சில்லறையாகப் போடக் கூடாது என்று ஒரு வீட்டில் கறாராகச் சொன்னால் என்ன செய்வீர்கள்? கவர் வாங்கித்தான் ஆக வேண்டும். ஜாவாவின் பட்டியல்கள் அந்த வீடு மாதிரி.

சரி, தொகைக்கும் கவருக்கும் இடையே இந்தக் கோட்டை முதலில் போட்டது யார்?

அணு உலையும் கைக்கணக்கும்

நைகார்ட் 1926 ஆகஸ்ட் 27 அன்று ஆஸ்லோவில் பிறந்தார். (நார்வேக்காரர்கள் வாயில் அந்தப் பெயர் ஏறக்குறைய நூகோர் என்று கேட்கும். நாம் எழுத்தைப் பார்த்து நைகார்ட் என்கிறோம்.) கணிதம் படித்தவர். அந்த நாட்டில் இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை உண்டு. 1948-ல் அந்தச் சேவைக்காகப் போனவர், நார்வே பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தார். துப்பாக்கிக்குப் பதிலாகக் கணக்கு கொடுத்தார்கள்.

அப்போது நார்வே தன் முதல் அணு உலையைக் கட்டிக்கொண்டிருந்தது. யுரேனியத் தண்டுகளுக்குள் நியூட்ரான்கள் எப்படி உறிஞ்சப்படுகின்றன என்று கணக்கிட வேண்டும். வழக்கமான முறையில் போட்டுப் பார்த்தார்கள், வேலை மலை மாதிரி நீண்டது. 1949, 1950 வாக்கில் நைகார்டும் கூட்டாளிகளும் மான்டே கார்லோ முறைக்கு மாறினார்கள். அதாவது, சமவாய்ப்பு எண்களை எடுத்து ஒவ்வொரு நியூட்ரானின் பயணத்தையும் பாவனையாக நடத்திப் பார்ப்பது. கணினி இல்லாமல், கையால்! 1956-ல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் அவர் முதுநிலைப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வும் இதே மான்டே கார்லோ முறை பற்றியதுதான்.

பிறகு அவர் செயல்முறை ஆய்வுப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். வரிசைகள், காத்திருப்பு, போக்குவரத்து, பழுது போன்றவற்றைக் கணக்கில் பிடிக்கிற வேலை அது. அங்கேதான் அவருக்கு ஒரு குறை உறுத்த ஆரம்பித்தது. ஒரு சிக்கலான அமைப்பை, உதாரணமாக ஒரு விமான நிலையத்தில் பயணிகள் கவுன்டர் கவுன்டராக நகர்வதை, எடுத்துச் சொல்வதற்கு ஒழுங்கான மொழியே இல்லை. சமன்பாடு போதாது. பேச்சு மொழியோ துல்லியமில்லை. மனிதனும் புரிந்துகொள்ள வேண்டும், கணினியும் நடத்திக் காட்ட வேண்டும். அப்படி ஒரு மொழி வேண்டும்.

1960-ல் நார்வே கணினி மையத்துக்கு வந்தார். 1961-ல் அந்த மொழிக்கான யோசனை உருவானது. யோசனை இவருடையது, ஆனால் நிரல்மொழி கட்டுகிற கைத்திறன் இவரிடம் அவ்வளவாக இல்லை. அது இருந்த ஆள் ஓலே-யோஹன் டால். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்திலேயே பழக்கம். நைகார்டைவிட ஐந்து வயது இளையவர். ஒருவர் ஊரையே கூட்டிப் பேசுகிற ஆள், இன்னொருவர் அமைதியான ஆள் என்றுதான் இருவரையும் அறிந்தவர்கள் சொல்வார்கள்.

சின்ன நாட்டுக்கு எதற்கு இந்த ஆசை?

சிமுலா என்று பெயர் வைத்த அந்த மொழிக்கு ஆரம்பத்திலேயே முட்டுக்கட்டை. பணம் கொடுக்க வேண்டியவர்கள் மத்தியில் எழுந்த ஆட்சேபணைகளைப் பிற்காலத்தில் இருவரும் வரிசைப்படுத்தி எழுதிவைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு மொழியால் பயனே இல்லை என்றார்கள். பயன் உண்டு, ஆனால் வேறு எங்கோ ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்றார்கள். உங்கள் யோசனையில் சரக்கு போதாது என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இதெல்லாம் வசதி உள்ள பெரிய நாடுகள் செய்ய வேண்டிய வேலை, நார்வே மாதிரி ஒரு சின்ன நாட்டுக்கு எதற்கு என்றார்கள். நாலும் ஒன்றுக்கொன்று முரண் என்பதைக் கவனித்தீர்களா? இருந்தாலும் நாலும் சேர்ந்து ஒரு திட்டத்தைக் கொன்றுவிடும்.

நைகார்ட் சளைக்கவில்லை. 1962-ல் அமெரிக்கா போனபோது யுனிவாக் நிறுவனத்திடம் பேசி, யுனிவாக் 1107 என்கிற பெரிய கணினியை நார்வேக்குப் பாதி விலையில் கொண்டுவர வழிசெய்தார். சிமுலாவை அந்தக் கணினியில் ஓடச் செய்து கொடுக்கிற ஒப்பந்தமும் அதோடு சேர்ந்து வந்தது. 1963 ஆகஸ்டில் கணினி ஆஸ்லோவில் வந்து இறங்கியது. 1965 தொடக்கத்தில் முதல் சிமுலா ஓடியது.

ஆனால் நாம் இன்று ஆப்ஜெக்ட் என்று சொல்வது அந்த முதல் சிமுலாவில் முழுசாக வரவில்லை. அது பிறந்தது 1966 முடிந்து 1967 பிறக்கிற சமயத்தில். வழியும் விசித்திரமானது.

இருவரும் ஒரு பாலத்துச் சுங்கச்சாவடியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். லாரி, பஸ் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. லாரிக்குச் சரக்கு எடை உண்டு, பஸ்ஸுக்குப் பயணிகள் எண்ணிக்கை உண்டு. ஆனால் வரிசையில் நிற்கிற தகுதி இரண்டுக்கும் பொது. முன்னால் யார், பின்னால் யார் என்கிற இணைப்பு இரண்டுக்கும் வேண்டும். அந்த இணைப்பை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுவதா? கரும்பலகையில் வெறும் இணைப்புகளை மட்டும் வரைந்து வைத்திருந்தபோது பொறி தட்டியது. இணைப்பு என்பதை ஒரு வகையாக ஒரே தடவை எழுது. லாரியை அதன்மேல் ஒட்டு, பஸ்ஸையும் அதன்மேல் ஒட்டு. ஒட்டினது ஒரே பொருளாகிவிடும். இன்று மரபுரிமை என்று பாடப்புத்தகத்தில் வருகிற சங்கதி இதுதான்.

அந்த நாட்களில் இருவரும் பேசிக்கொள்கிற அழகே தனி. 1967-ல் கணினி மையத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பணியாளர் பதறியடித்துக்கொண்டு டெலிபோன் ஆபரேட்டரிடம் ஓடிவந்தாராம். மாடியில் கரும்பலகை முன்னால் இரண்டு பேர் பயங்கரமாகச் சண்டை போடுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். ஆபரேட்டர் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பயப்படாதே, டாலும் நைகார்டும் சிமுலா பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

கோடு எங்கே விழுந்தது?

1967 மே மாதம் ஆஸ்லோ பக்கத்தில் நடந்த ஒரு மாநாட்டில் சிமுலா 67 உலகத்தின் முன்னால் வந்தது. நம் 128 கேள்விக்கான வேர் இதில்தான் இருக்கிறது.

சிமுலா வெறும் தரையில் எழும்பவில்லை. அல்கால் 60 என்கிற பழைய மொழியின் மேல் கட்டியது. அல்காலில் முழு எண், பின்ன எண், ஆம்-இல்லை எல்லாம் வெறும் மதிப்புகள். அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆப்ஜெக்ட் என்கிற புதுச் சரக்கைச் சேர்த்தார்கள். ஆக ஒரே வீட்டில் தொகையும் இருக்கிறது, கவரும் இருக்கிறது.

இது குழப்பத்தைக் கொண்டுவரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் குறியீட்டிலேயே வேலி போட்டார்கள். ஒரு மதிப்பை மாறிக்குள் போட வேண்டுமானால் முக்காற்புள்ளியும் சமக்குறியும். ஒரு ஆப்ஜெக்டின் முகவரியை மாறிக்குள் போட வேண்டுமானால் முக்காற்புள்ளியும் கழித்தல் குறியும். ஒப்பிடுவதிலும் அப்படியே. மதிப்பு சமமா என்று கேட்க ஒற்றைச் சமக்குறி. இரண்டு மாறிகளும் ஒரே ஆப்ஜெக்டைத்தான் காட்டுகின்றனவா என்று கேட்க இரட்டைச் சமக்குறி. தொகை ஒன்றா, கவர் ஒன்றா? இரண்டு வேறு கேள்விகள், அதற்கு இரண்டு வேறு குறிகள். எழுதுகிறவன் எதைக் கேட்கிறோம் என்று யோசிக்காமல் தாண்ட முடியாது. என்னைக் கேட்டால், இதுதான் சிமுலாவின் மிக நேர்த்தியான இடம்.

பாக்ஸிங்கும் அங்கேயே தலைகாட்டிவிட்டது, பெயர்தான் வைக்கவில்லை. சிமுலாவோடு வந்த வரிசைப் பட்டியலில், இணைப்பு வகையை ஒட்டின ஆப்ஜெக்டுகள் மட்டும்தான் நிற்க முடியும். 5 என்கிற எண்ணை வரிசையில் நிறுத்த ஆசைப்பட்டால்? வெறும் 5-க்கு முன்னும் பின்னும் இணைக்கக் கை ஏது? இணைப்பின் மேல் ஒரு சின்ன வகையை ஒட்டி, அதற்குள் ஒரே ஒரு எண் மட்டும் வைத்து, அந்தக் கவரைத்தான் வரிசையில் விட வேண்டும். திரும்ப எடுக்கும்போது உள்ளே கைவிட்டு எண்ணை எடுக்க வேண்டும். இன்றைய இன்டிஜர் உறை வகுப்பு செய்வதும் இதையேதான்.

இன்னொரு வினையும் கூடவே வந்தது. முகவரியை வைத்திருக்கிற மாறி, எந்த முகவரியும் இல்லாமல் வெறுமையாகவும் இருக்கலாம். வெறும் எண்ணுக்கு அந்த நிலையே கிடையாது, அதில் எப்போதும் ஏதோ ஒரு எண் இருக்கும். கவர் இருக்கிறது என்று நம்பிப் பிரிக்கப் போனால் கவரே இல்லை! ஜாவாவில் அன்பாக்ஸிங் செய்கிற இடத்தில் நிரல் திடீரென்று நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பார்வைக்கு அது சாதாரணக் கூட்டல் வரியாக இருக்கும். அதனால் சந்தேகமே வராது.

பிள்ளைகள் வேறு வேறு வழியில் போனார்கள்

1966-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆலன் கே என்கிற மாணவர் கையில் சிமுலா கிடைத்தது. அவர் பின்னால் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழி அந்தக் கோட்டையே அழித்தது. எண்ணும் ஆப்ஜெக்ட்தான், எல்லாமே ஆப்ஜெக்ட்தான். மொழியைப் பயன்படுத்துகிறவருக்குத் தொல்லை இல்லை. ஆனால் உள்ளுக்குள் சின்ன எண்களுக்குக் கவர் போடாமல், முகவரி இருக்க வேண்டிய இடத்திலேயே எண்ணை ஒளித்துவைக்கிற தந்திரம் தேவைப்பட்டது. டென்மார்க்கில் சிமுலா பழகிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் அதன் வகுப்புகளை சி மொழிக்குக் கொண்டுபோனார். அது சி பிளஸ் பிளஸ் ஆனது.

1995-ல் ஜாவா வந்தபோது மறுபடியும் இரண்டு சரக்கு. வேகத்துக்காக 8 அடிப்படை வகைகள், மற்றதெல்லாம் ஆப்ஜெக்ட். எண்ணைப் பட்டியலில் போட வேண்டுமானால் கையாலேயே கவர் போட்டு, கையாலேயே பிரிக்க வேண்டும். புரோகிராமர்கள் அலுத்துக்கொண்டார்கள். 2004-ல் வந்த ஜாவா 5 அந்த வேலையைக் கம்பைலரே கமுக்கமாகச் செய்யும்படி மாற்றியது. அதற்குப் பெயர் ஆட்டோபாக்ஸிங். ஒப்பிடுகிற குறியோ, இரண்டுக்கும் சேர்த்து அதே இரட்டைச் சமக்குறிதான். இருபக்கமும் வெறும் எண் என்றால் தொகையைப் பார்க்கும். இருபக்கமும் உறை என்றால் கவரைப் பார்க்கும். சிமுலா போட்ட வேலி இங்கே இல்லை.

இப்போது 128-க்கு வரலாம். தினமும் கோடிக்கணக்கில் சின்ன எண்களுக்குக் கவர் போட வேண்டியிருப்பதால், -128 முதல் 127 வரையிலான எண்களுக்கு ஜாவா ஏற்கெனவே கவர்களைத் தயாராக வைத்திருக்கிறது. யார் 127 கேட்டாலும் அந்த ஒரே கவரைத்தான் நீட்டும். அதனால் கவர் ஒன்றா என்று கேட்டால் ஆமாம். 128 அந்த எல்லைக்கு வெளியே. பொதுவாகக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் புதுக் கவர். அதனால் இல்லை. தொகையை ஒப்பிட வேண்டுமானால் ஈக்வல்ஸ் என்கிற முறையைக் கூப்பிட வேண்டும், அல்லது கவரைப் பிரித்துவிட்டுக் கேட்க வேண்டும்.

பரீட்சைக் கேள்வியாக இருக்கிறவரை இது வேடிக்கைதான். நிஜ மென்பொருளில் அப்படி இல்லை. கணக்கு எண்களை உறையில் வைத்து இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுகிற ஒரு நிரலை நினைத்துப் பாருங்கள். சோதனை செய்கிறவர் 1, 2, 3 என்று சின்ன எண்களைப் போட்டுப் பார்ப்பார், எல்லாம் ஜோராக ஓடும். நிஜ வாடிக்கையாளரின் எண் 4 இலக்கத்தில் வந்ததும் கவிழும். செலவும் இருக்கிறது. வெறும் முழு எண்ணுக்கு 4 பைட் போதும். இன்றைய 64 பிட் கணினியில் அதே எண்ணின் உறை வழக்கமாக 16 பைட் பிடிக்கும், முகவரிக்கு வேறு இடம். பல லட்சம் தடவை சுற்றுகிற ஒரு கண்ணியில் கூட்டுத்தொகை மாறியைத் தெரியாத்தனமாக உறை வகையில் அறிவித்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் பிரித்து, கூட்டி, புதுக் கவரில் போட்டு என்று நிரல் மூச்சு வாங்கும்.

மொழியை விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்கு

சிமுலாவோடு நைகார்ட் நின்றிருந்தாலே போதுமான வாழ்க்கைதான். ஆனால் 1960-களின் பிற்பகுதியில் அவரை ஒரு கேள்வி விடாமல் துரத்தியது. தொழிற்சாலையை அப்படியே கணினிக்குள் வரைய ஒரு கருவி செய்துகொடுத்தாயிற்று. அதைப் பயன்படுத்தப்போவது யார்? முதலாளி. யாருடைய வேலையை அது மாற்றப்போகிறது? தொழிலாளியின் வேலையை. அந்தத் தொழிலாளிக்கு இதில் ஒரு வார்த்தை சொல்ல வழி இருக்கிறதா?

1971-ல் இரும்பு மற்றும் உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்தார். ஆய்வாளர் அறிக்கை எழுதி அலமாரியில் வைக்கிற கதையாக இல்லாமல், உள்ளூர்ச் சங்கக் கிளைகளே கணினித் திட்டங்களைப் படித்து, என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று முடிவெடுக்கிற மாதிரி வேலையைத் திருப்பினார். இதன் தொடர்ச்சியாக நார்வேயில் தரவு ஒப்பந்தங்கள் வந்தன. 1975-ல் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கும் முதலாளிகள் அமைப்புக்கும் இடையே தேசிய அளவில் ஒப்பந்தம் ஆனது. புதுக் கணினி அமைப்பு வருகிறதென்றால் தொழிலாளிகளுக்கு முன்கூட்டியே, அவர்களுக்குப் புரிகிற மொழியில் தகவல் கொடுக்க வேண்டும். அதைக் கவனிக்கவென்றே சங்கப் பிரதிநிதி இருக்கலாம். பயன்படுத்துகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு மென்பொருள் வடிவமைப்பது என்று இன்று எல்லோரும் சாதாரணமாகப் பேசுகிறோமே, அந்தப் பேச்சின் ஒரு பெரிய ஊற்று இது.

அரசியலும் அவரை விடவில்லை. முதலில் லிபரல் கட்சி, பிறகு தொழிலாளர் கட்சி. 1990-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நார்வே சேரக் கூடாது என்ற இயக்கத்துக்குத் தலைவரானார். சேர வேண்டும் என்றது அவருடைய கட்சியின் அரசாங்கமே! ஊர் ஊராகப் போனார். 1994-ல் அந்த அமைப்பில் சுமார் 1,45,000 பேர் உறுப்பினர்கள். அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று நடந்த வாக்கெடுப்பில் 52.2 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நார்வே இன்றுவரை ஒன்றியத்துக்கு வெளியேதான் இருக்கிறது. அந்த முடிவு சரியா தவறா என்று அங்கே இன்னமும் வாதம் ஓய்ந்தபாடில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார், டென்மார்க் நண்பர்களோடு சேர்ந்து பீட்டா என்கிற இன்னொரு மொழியையும் உருவாக்கினார். கடைசி ஆண்டுகளில் அவர் கவலை, ஆப்ஜெக்ட் வழியிலான நிரலாக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான். சின்னச் சின்னத் துண்டுகளில் ஆரம்பிக்காமல், போதுமான அளவு சிக்கலான ஒரு நிஜ உதாரணத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

2001-ம் ஆண்டுக்கான டூரிங் விருது டாலுக்கும் நைகார்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது. கணினித் துறையில் அதற்கு மேல் விருது இல்லை. சிமுலா 67 வந்து 34 ஆண்டு கழித்துத்தான் அது வந்து சேர்ந்தது. 2002 ஜூன் 29 அன்று டால் இறந்தார். ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 10 அன்று, மாரடைப்பில் நைகார்ட் போனார். அவருக்கு 76 வயது நிரம்ப இன்னும் 17 நாள் இருந்தது.

ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் தகவலியல் துறைக்கு இப்போது அடுத்தடுத்து இரண்டு கட்டடங்கள். பழையதற்கு நைகார்ட் பெயர், புதியதற்கு டால் பெயர்.